உருகிய பிடி

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா வேலை இல்லியாம்" என்றாள் ஏஞ்சலின். கவரைப்பேட்டை நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் அவள் கதவை மூடவிடாமல் வாசலோரமாகவே உட்கார்ந்திருந்தாள்.

அந்த அலுவலகத்தை நடத்தும் செண்பகம், முன்பு தடயவியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். "முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார்.

தேர்வாய் கண்டிகையில் குக்கர் கைப்பிடி செய்யும் தொழிற்சாலை. திங்கட்கிழமை கைப்பிடி வார்க்கும் பவுடர் எடுக்க ஸ்டோருக்குள் போனவள் ஐம்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டாள். ஜன்னல் இல்லை. நெடியில் கண் எரிந்தது. அவள் தட்டிய சத்தம் இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் விமல் வந்து திறந்தார். பவுடர் உலர்த்தும் ஹீட்டரை அவள் கதவருகே வைத்ததால் உட்புறப் பிடி உருகிவிட்டது என்றார்.

"பிடி நல்லாத்தான்க்கா சுத்துச்சு. கதவுதான் வரல. மூச்சு அடைச்சிக்கினு, எம் பொண்ணு பேரைச் சொல்லிக்கினே தட்டினேன்."

"அன்னிக்கு வெளியாளுங்க யாராச்சும் வந்தாங்களா?"

"திருவள்ளூர்லேர்ந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தாராம். புகை இழுக்கிற ஃபேன் ஓடலன்னு அவரு வந்தா சொல்லுவேன்னு எல்லாராண்டயும் சொல்லியிருந்தேன்."

"விமல் எப்படிப்பட்ட ஆளு?" என்று உதவியாளன் லோகு இடையில் புகுந்தான்.

"ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனில இருந்தாரு" என்றாள் ஏஞ்சலின்.

மறுநாள் காலை செண்பகம், லோகு, ஏஞ்சலின், விமல் நால்வரும் முதலாளி ராஜமாணிக்கத்தின் அறையில் கூடினார்கள். நூல் நூலாக வழிந்து உறைந்திருந்த கறுப்புப் பிடியை விமல் மேசைமேல் வைத்தார்.

"உங்க கதவுப் பிடியெல்லாம் அழகா இருக்கு சார். இங்கயே செஞ்சதா?" என்று செண்பகம் கேட்டார்.

"எல்லாம் நம்ம பேக்லைட்தான்" என்றார் ராஜமாணிக்கம் பெருமையாக.

செண்பகம் ஊசி ஒன்றைச் சூடாக்கி மேசைமேல் இருந்த பிடியில் வைத்தார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பிறகு அறைக் கதவின் பிடியில் வைத்தார். ஊசி இறங்கவில்லை, மருந்து வாடைதான் லேசாக வந்தது.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி அரக்குக்கு மாத்துத் தேடினவர், கார்பாலிக் அமிலத்தையும் ஃபார்மலினையும் சேர்த்துக் கண்டுபிடிச்சது இந்த பேக்லைட். சூடும் அழுத்தமும் குடுத்து ஒருதடவை இறுகிட்டா அப்புறம் உருகாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? ரொம்பச் சுட்டா கருகும், அவ்வளவுதான். பக்கெட் பிளாஸ்டிக் அப்படியில்ல, சுட்டா உருகும். அந்தப் பழக்கத்துல வேற ஒரு பிடியை உருக்கி மாட்டிட்டீங்க, விமல். பிடி சுத்தியும் கதவு வரலன்னா, நீங்க வெளியில தாழ் போட்டிருந்தீங்க."

விமலின் முகம் வெளிறியது. "பத்து நிமிஷம்தான்னு நெனச்சேன். இன்ஸ்பெக்டர் கெளம்பவே நேரமாயிடுச்சு."

செண்பகம் முதலாளி பக்கம் திரும்பினார். "இதைப் பார்த்ததுமே பொய்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் சார். இருந்தும் கையெழுத்துக் கேட்டீங்க."

ராஜமாணிக்கம் விமலை முறைத்தார்.

"அவ இன்ஸ்பெக்டர் கண்ணுல படக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றார் விமல், தாழ்ந்த குரலில்.

ஏஞ்சலின் போனை எடுத்தாள். லோகு இன்ஸ்பெக்டரின் எண்ணைச் சொல்லச் சொல்ல அழுத்தினாள்.

"சார், திங்கக்கெழம நீங்க வந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன்."