கல்படியில் கேட்ட குரல்

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த அந்த மைம்மல் பொழுதில், குசினிக்குள் இருந்து புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த பாக்கியத்தைக் கடல் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“பாக்கியம்!”

கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் புருஷன் யோகலிங்கத்தின் குரல்தான். ஆனால் கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. செத்துப்போன அவனுடைய தாயின் பெயரும் பாக்கியம். பெற்றவளின் பெயரால் பெண்சாதியை அதட்டவோ கொஞ்சவோ அவனுக்கு நா எழாது. எல்லாவற்றுக்கும் “இஞ்சேரும்” தான். கோபம் வந்தால் அதையே கொஞ்சம் இழுத்துச் சொல்லுவான், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவன் அவன். வேலை முடிந்ததும் சிறு தோணியில் குடாவைக் குறுக்கே தாண்டி, பின்வளவுக் கல்படியில் வந்து இறங்குவான். வெள்ளைக்காரன் காலத்துக் கல்படி. அதில் துருப்பிடித்த சங்கிலி ஒன்று தண்ணீருக்குள் தொங்கும். இன்றைக்கு ஆளைக் காணவில்லை. அவள் யன்னலைத் திறந்தாள். மண்ணெண்ணெயும் அழுகிய பாசியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. சங்கிலி கல்லில் உரசும் சத்தம். படிக்கு அப்பால் ஒரே கறுப்பு.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே பக்கத்து வளவுக் குணேஸ்வரியக்கா சொல்லியிருந்தாள்: “தண்ணிக்குள்ள இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடாதை, பிள்ளை. சண்டையில குண்டு விழுந்து செத்ததுகள் இன்னும் கரையேறேல்லை. தெரிஞ்ச ஆக்களின்ர குரலிலதான் வருங்கள்.”

“பாக்கியம்! பாக்கியம்!”

பயத்தில் அவளுக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

“கோதாரி விழுந்ததே! என்ர மனுசன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். இஞ்சேரும் எண்டுதான் சொல்லுவார். ஆரை ஏமாத்தப் பாக்கிறாய்?”

யன்னலை அடித்துச் சாத்தினாள். குரல் நின்றது. கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது. அவள் முருகனைக் கும்பிட்டபடி அரிக்கன் லாம்பைத் தூண்டிவிட்டாள்.

குசினிக் கதவுக்கு வெளியே, மிகக் கிட்டத்தில்:

“இஞ்சேரும்.”

அப்பாடா! உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவன் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்து, வெளிச்சம் எட்டாத மூலைக் கதிரையில் சுவரைப் பார்த்து இருந்தான். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

“இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள்? நான் செத்துப் பிழைச்சனான், தெரியுமே? துவாய் தரட்டோ?”

“இஞ்சேரும்.”

களைத்துப்போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றி, கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் தொடவில்லை. அவனுடைய வழக்கமான பீடி மணமும் இல்லை. சேற்று மணம்தான் குசினியை நிறைத்தது.

வெளியே அந்தக் குரல் மறுபடியும். மெலிந்துபோய்.

“பாக்கியம்... கை ஏலாது... பாக்கியம்...”

அவள் காதைப் பொத்தினாள். பாவமாயிருந்தது. அதுதான் கூடுதலாகப் பயமாயிருந்தது.

“கேட்டீங்களே? உங்கட குரல் மாதிரியே கத்துது. நான் ஒண்டும் சொல்லாமல் இருக்கட்டோ?”

“இஞ்சேரும்.”

அதே சொல். அதே தொனி. கூடவுமில்லை, குறையவுமில்லை. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு அவள் பேசாமல் இருந்தாள். சங்கிலி ஒருதரம் கல்லில் மோதியது. பிறகு சத்தமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் முன்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தாள். குணேஸ்வரியக்காவின் புருஷன் சின்னராசா, தலையிலிருந்து கால்வரை நனைந்து, கையில் ரோச் லைற்றோடு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“தங்கச்சி, யோகலிங்கத்தின்ர தோணி கவிண்டுபோச்சு! சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவன். உனக்குக் கேக்கேல்லையே? நான் தோணியில போய்ச் சேருறதுக்குள்ள கையை விட்டிட்டான். உடம்புதான் கிடைச்சது. கல்படியில கிடத்தியிருக்கிறன்.”

உயிர் போகிற நேரத்தில் எவன் இஞ்சேரும் என்று கூப்பிடுவான்? பெயரைத்தான் சொல்லுவான். சொல்லியிருக்கிறான். இத்தனை வருசமாகச் சொல்லாத பெயரை. அவள்தான் யன்னலைச் சாத்தினாள்.

அதற்கு முன், இருட்டுக்கு அந்த ஒரு சொல்லையும் சொல்லிக்கொடுத்தாள்.

குசினியில் கதிரை இழுபட்டது.

ஈரக் கால்கள். மெதுவாக. சேற்று மணம்.

சின்னராசா ரோச்சை உயர்த்தினார், அவளுடைய தோளுக்கு மேலால். அவர் முகம் கோணியது. ரோச் கீழே விழுந்து உருண்டது.

அவளால் திரும்ப ஏலவில்லை. பிடரியில் குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“இஞ்சே...ரும்.”

இந்த முறை அது கொஞ்சம் இழுத்துச் சொன்னது.