கறுப்புத் தாளைக் கடந்த வட்டம்

பாஷ்யம் ஃபிலிம் ஷீட்டுகளை மேஜைமேல் வைத்தார். ராக்கெட்டில் போகும் கேமராவுக்கான ஃபிலிம், மேலே உள்ள அதிர்வையும் குளிரையும் தாங்குமா என்று சோதிப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் நடத்திய லேபின் வேலை. ஷீட்டுகளின் நடுவே கறுப்புப் புள்ளிகள் வட்டம் கட்டியிருந்தன.

"கிருபாபாய்தான் இருட்டறையில கறுப்புத் தாள் பொட்டலத்தைப் பிரிச்சிருக்கா. போலீஸ்ல சொல்லப்போறேன்" என்றார்.

லேபைக் கூட்டிப் பெருக்கும் கிருபாபாய் வாசலில் நின்று அழுதாள். "நான் பிரிக்கல சார். என்னைய உள்ள வச்சா எம் பிள்ளைகள யாரு பாப்பா?"

துப்பறியும் சுப்புராஜ் ஷீட்டுகளைப் புரட்டினார். அவருடைய உதவியாள் சோலைராஜுக்குப் பொறுமையே கிடையாது. "டார்ச் அடிச்சிருப்பாவ அண்ணாச்சி!"

"செத்த நேரம் சும்மா இருலே. சார், பொட்டலம் எங்க இருந்துச்சு?"

"ராஜபாளையம் மில்லுல, ஓடற மிஷின்மேல. பையில பஞ்சு திணிச்சு நானே கட்டினேன். ஒரு வாரம் அதிர்ந்தது." பாஷ்யம் மணி பார்த்தார். "அப்பா பட்டாளத்துலேர்ந்து கொண்டுவந்த வாட்ச். இதுவும் போன வாரம் தொலைஞ்சு, நேத்துதான் கிடைச்சது."

"மில்லுல ஓடற மிஷின்கிட்ட வாட்ச் கட்டிட்டுப் போக விடமாட்டாவளே" என்றான் சோலைராஜ்.

சுப்புராஜ் நிமிர்ந்தார். "அதான் விஷயம். பிரிச்சு வெளிச்சம் பட்டிருந்தா ஷீட்டு முழுசும் கறுத்திருக்கும். இதுல வட்டம் மட்டும்தான். மேல் ஷீட்டுல அழுத்தமா, அடியில போகப்போக மங்கலா இருக்கு. என்னமோ ஒண்ணு கறுப்புத் தாளைத் துளைச்சு இறங்கியிருக்கு. மிஷின்கிட்ட வாட்சைக் கழத்தி எங்க வச்சீங்க?"

பாஷ்யம் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பைக்குள்ளதான் போட்டிருக்கேன். நேத்து பஞ்சை எடுக்கறச்சே கிடைச்சது."

சோலைராஜ் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். இருட்டில் வாட்சின் எண்கள் பச்சையாய் எரிந்தன. அதே வட்டம்.

"பழைய ரேடியம் பூச்சு. அதோட கதிருதான் தாளைத் துளைச்சிருக்கு. ஃபிலிமைக் கெடுத்தது நீங்கதான் சார்."

பாஷ்யத்துக்கு இப்போது ஃபிலிம் ஞாபகமே இல்லை. "இருட்டுல மினுங்கறதுன்னு என் பொண்ணு அரவிந்தவல்லி இதைக் கட்டிண்டுதான் தூங்குவா" என்றார். "ரெண்டு மாசமா அவ மணிக்கட்டு சிவந்திருக்கு. வேர்க்குருன்னு நினைச்சேன்."

சோலைராஜ் ஜன்னலைத் திறந்தான்.

கிருபாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள். "எந்திரிங்க சார். மொதல்ல பிள்ளைய டாக்டர்ட்ட காட்டுவோம்."