பாட்டு நிற்கும்வரை

ஜெமால் ஒயின் ஜாடிக்குள் இறங்கிக் கழுவிவிட்டு வெளியே வந்து மீசையைத் துடைத்துக்கொண்ட பிறகும் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. எதிரொலி என்று நினைத்துச் சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள். நுக்ஸாருக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. எதிரொலி பாடிய வரியைத்தான் திருப்பும். அடுத்த வரியைப் பாடாது.

ஆனால் பயத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பொறாமை முன்னால் வந்தது. காகேத்தி வட்டாரத்தில் ஒயின் பார்க்க வரும் பேருந்துகள் நுக்ஸாரின் வாசலில் வேகம் கூட்டி, பக்கத்து வீட்டு ஜெமாலிடம் போய் நிற்கும். ஜெமாலின் நாய் ஜெர்மன்காரர்களுக்கு ஒரு மாதிரியும் ஜப்பான்காரர்களுக்கு ஒரு மாதிரியும் வாலாட்டும். நுக்ஸாரின் நாயும் இப்போது அங்கேதான் சாப்பிடுகிறது. போதாக்குறைக்கு, ஜாடியுமா அவனுக்காகப் பாட வேண்டும்?

கழுத்துவரை மண்ணில் புதைந்த ஒயின் ஜாடி அது. கழுவ இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே இருப்பான். பாட்டு நின்றால் உள்ளே காற்று கெட்டு மயங்கிவிட்டான் என்று பொருள்; மேலே இழுப்பார்கள். பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்வரை கயிற்றை இழுக்கமாட்டார்கள்.

“டேய் ஜெமால், அடியில அழுக்கு அப்படியே இருக்கு. நான் இறங்குறேன்” என்றான் நுக்ஸார்.

ஜெமாலின் முகம் வெளுத்தது. “இந்த ஜாடி வேணாம்ணே. உங்க பாட்டக் கேட்டா இவங்கல்லாம் பஸ்ஸுக்கு ஓடிடுவாங்க.”

“இறங்கட்டும் விடுங்க” என்றாள் ஜெமாலின் மனைவி லமாரா. “இல்லேன்னா வேலிக்கு அந்தப் பக்கம் பல்லைக் கடிச்சே நம்ம தூக்கத்தக் கெடுப்பாரு.”

ஜெமால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்ள, நுக்ஸார் இறங்கினான். ஈரக் களிமண், தேன்மெழுகு, புளித்த திராட்சைத்தோல் எல்லாம் கலந்த வாடை மூக்கை அடைக்க, தலைக்கு மேலே பகல் ஒரு தட்டளவுக்குச் சுருங்க, செர்ரிப் பட்டைத் துடைப்பானால் சுவரைத் தேய்த்தபடி கரகரவென்று பாடினான்.

“அண்ணே, யாரோட ஆட்டக் கூட்டிட்டு இறங்கினீங்க?” லமாரா கேட்க, மேலே சிரிப்பு.

பிடரியில் ஏதோ மூச்சு விட்டது. ஈரமாக. குளிர்ச்சியாக.

நுக்ஸார் பாட்டை நிறுத்தினான்.

பாட்டு நிற்கவில்லை.

அவன் குரல்தான். கரகரப்பு இல்லை. தேன்போல் இழைந்தது. மேலே சிரிப்பு அடங்கியது.

கத்தினான். தொண்டையில் குரல் இல்லை. அது பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தி ஆட்டினான். வட்டத்தில் தெரிந்த முகங்களெல்லாம் சிரித்துக் கையாட்டின.

“என்னமா பாடறாரு மனுஷன்!” லமாரா கண்ணைத் துடைத்தாள். “உங்களவிட நல்லா பாடறாருங்க.”

கயிற்றை இழுக்கக் குனிந்த ஜெமால் அப்படியே நின்றான். மனைவியைப் பார்த்தான். சுற்றுலாக்காரர்களைப் பார்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

கைதட்டல். நீண்ட கைதட்டல்.

கயிறு சுருள் சுருளாக நுக்ஸாரின் தோளில் வந்து விழுந்தது.