அழித்த பிறகும் எரிந்த சிவப்பு

போன் அலறியது.

வீரராகவன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சார்… கீழ வாங்க… உத்தமன் சார் விழுந்து கிடக்கறார்…"

கல்கத்தா, பாலிகஞ்ச். 2005. மருந்துக் கம்பெனியின் பின்கட்டு. மொட்டை மாடியிலிருந்து விழுந்த குவாலிட்டி ஆபீசர் உத்தமன், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கிடந்தார். ஒரு காலில் மட்டும் ஷூ.

மதியத்துக்குள் சந்தேகம் வீரராகவன் மேல் வந்து உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் ஜம்புநாதன் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழை வீட்டில் மட்டும் பேசிப் பழகியவர்.

"நேத்து உத்தமனோட உங்களுக்குச் சண்டையாமே, ராகவன் பாபு?"

இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொன்னவர் சேல்ஸ் தலைவர் சந்தானம். பக்கத்திலேயே நின்றார், வருத்தமான முகத்தோடு.

சண்டை உண்மைதான். கம்பெனி நிலவரத்தைத் திரையில் காட்டும் டாஷ்போர்டைக் கட்டியது வீரராகவன். விற்பனை, புகார் எல்லாவற்றையும் ஊர்வாரியாக, மருந்துவாரியாக, மாதவாரியாகக் கூட்டி வைக்கும் கியூப் ஒன்று. அதன் மேல் பச்சை, சிவப்பு விளக்குகள். மொத்தக் கூட்டலில் எல்லாமே பச்சை.

"உன் பச்சைக்குள்ள குழந்தைங்க செத்துக்கிட்டு இருக்குடா," என்று கத்தியிருந்தார் உத்தமன். வட வங்காளத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள்.

"கேட்ட கலரைப் போடறேன், அவ்ளோதான்," என்று வீரராகவனும் கத்தியிருந்தான். இப்போது அதை நினைத்தால் வாய் கசந்தது.

சண்டை இருமல் மருந்துப் புகார்களைப் பற்றி என்று அவன் சொன்னதை இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. புகார் டேட்டாபேஸைப் பார்த்துவிட்டாராம். இருமல் மருந்து பற்றி ஒரு வரிகூட இல்லையாம்.

"புகாரே இல்லாத மருந்துக்கு எவன் சண்டை போடுவான்? ஸ்டேஷனுக்குப் போகலாம். சலுன், வாங்க."

வீரராகவன் எழுந்தான். எழுந்தவன் நின்றான்.

டேட்டாபேஸில் இல்லையா?

"ஒரு நிமிஷம் சார்."

கம்ப்யூட்டரில் டாஷ்போர்டைத் திறந்தான். பச்சை. அதன் மேல் க்ளிக் செய்தான். மாநிலம்… பச்சை. மறுபடி க்ளிக். வட வங்காளம்…

இருமல் மருந்து. ரத்தச் சிவப்பு.

"அதெப்படி?" சந்தானத்தின் குரல் கிழிந்தது. "நேத்தே எல்லாத்தையும் அழிச்சாச்சே…"



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். "யார் அழிச்சது, சந்தானம் பாபு?"

சந்தானம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.  பேச்சு துண்டு துண்டாக வந்தது. மருந்தைத் திரும்பப் பெற்றால் தன் வேலை போய்விடும். உத்தமன் அரசாங்கத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். காலையில் தனியாகப் பேசலாம் என்று சந்தானம்தான் அவரை மாடிக்குக் கூட்டிப் போனார்.

"தள்ளணும்னு போகலை… அவன் கேக்கவே மாட்டேன்னுட்டான்…"

விலங்கு மாட்டும்போதும் அவர் கண் திரையை விட்டு அகலவில்லை.

"அழிச்சது எப்படிய்யா இன்னும் அங்க இருக்கு?"

வீரராகவன் கண்களைத் தேய்த்துக்கொண்டான்.

"நீங்க அழிச்சது டேட்டாபேஸ்ல சார். டாஷ்போர்டு அதைப் பாக்காது, கியூப்பைத்தான் பாக்கும். தினமும் விடியற்காலைல டேட்டாபேஸ்லேர்ந்து கியூப்பைப் புதுசாக் கட்டணும். இன்னிக்கு அது பாதியில நின்னு போச்சு, பழைய கணக்கே இருக்கு. எனக்கு இருந்த அலுப்புல மறுபடி ஓட்டலை."

ஜம்புநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ உங்களைக் காப்பாத்தினது சோம்பேறித்தனமா?"

"ஆமா சார்." வீரராகவன் சந்தானத்தின் பக்கம் திரும்பினான். "இதையெல்லாம் சொல்லத்தான் ட்ரெயினிங் வெச்சேன். நீங்க சமோசா முடிஞ்சதும் எழுந்து போயிட்டீங்க."