வெளியே வராத பூனைகளின் எடை

பூனை இல்லத்தில் மொத்தம் எண்பத்து நான்கு பூனைகள். அவற்றைக் கவனித்துக்கொள்வது வாலுவின் அம்மா. பள்ளி இல்லாத நாட்களில் வாலுவும் கூட வருவாள். வாலு என்பது பட்டப்பெயர்தான். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அன்று பூனை டாக்டர் வந்திருந்தார். பூனைகளின் சராசரி எடை மூன்றரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தால், மழைக்காலம் முழுவதற்கும் அவருடைய ஆபீஸிலிருந்து சத்துணவு கிடைக்கும். இல்லாவிட்டால் கிடையாது.

எல்லாவற்றையும் நிறுக்க டாக்டருக்கு நேரமில்லை. கதவைத் திறந்ததும் காலைச் சுற்றிய பத்துப் பூனைகளைத் தராசில் வைத்தார். கூட்டினார், பத்தால் வகுத்தார்.

"நாலேகால் கிலோ! கொழுகொழுன்னு இருக்காங்களே. சத்துணவு எதுக்கு?"

அம்மாவின் முகம் வாடியது. "நிறைய பேர் இளைச்சுப் போயிருக்காங்க, டாக்டர்."

"கண்ணால பார்த்தேன்னு சொன்னா ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்கக்கா. கணக்கு கேப்பாங்க."

வாலுவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், இவங்க சாப்பாட்டுக்கும் இப்படித்தான் முதல்ல ஓடி வருவாங்க. அதான் குண்டா இருக்காங்க. வெளியவே வராதவங்களை நீங்க நிறுக்கவே இல்லையே!"

"அதுக்காக ஒல்லியா இருக்கறவங்களை மட்டும் பொறுக்கி எடுத்தா, அதுவும் தப்புதானே?"

வாலு யோசித்தாள். ஒவ்வொரு பூனையின் கழுத்துப்பட்டையிலும் ஒரு எண் இருந்தது.

"சீட்டுக் குலுக்கிப் போடலாமா? குண்டோ ஒல்லியோ, யார் நம்பர் வருதோ அவங்களை நிறுப்போம்."

எண்பத்து நான்கு சீட்டு எழுதிக் குலுக்கி, பன்னிரண்டை எடுத்தார்கள். பதினொரு பூனைகள் எப்படியோ அகப்பட்டன. நாற்பத்தேழை மட்டும் காணோம்.

அது அலமாரிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. வாலு தரையோடு தரையாகப் படுத்தாள். மூக்கில் தூசி ஏறித் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டாள். பிடித்து இழுக்கவில்லை. விரலை மட்டும் நீட்டிக் காத்திருந்தாள்.

"பயப்படாதே. தராசு கடிக்காது."

வெகுநேரம் கழித்து, ஈரமான மூக்கு ஒன்று விரலைத் தொட்டது. இறகுபோல் லேசாக இருந்த அதை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தாள்.

இந்த முறை சராசரி மூன்று கிலோ. அம்மா சிரித்தாள். ஆனால் வாலு தலையைச் சொறிந்தாள்.

"வேற பன்னிரண்டு சீட்டு வந்திருந்தா, வேற கணக்கு வந்திருக்குமே?"

'நீ கொஞ்சம் சும்மா இரேன்' என்று அம்மா கண்ணைக் காட்டினாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நல்ல கேள்வி." பூனைக்குப் பூனை எடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, மறுபடி கணக்குப் போட்டார். "எண்பத்து நாலு பேரோட உண்மையான சராசரி, ரெண்டேமுக்காலுக்கும் மூணேகாலுக்கும் நடுவுல இருக்கணும். இப்படிச் சீட்டுப் போட்டுக் கணக்குப் பண்ணினா, நூறு தடவையில ஏதோ அஞ்சு தடவைதான் தப்பாப் போகும்."

"மூணேகாலாவே இருந்தாலும் மூணரையைவிடக் குறைவுதானே?"

"குறைவுதான்!" டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் சத்துணவு வந்து இறங்கியது. முதல் கிண்ணத்தை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாலு அங்கேயே படுத்துக்கொண்டாள். நாற்பத்தேழு மெல்ல வந்தது. கிண்ணத்தை வழித்து நக்கியது. பிறகு அவள் வயிற்றின்மேல் ஏறி, சுருண்டு படுத்துக்கொண்டது.

"வாலு, சாப்பிட வா!" என்று அம்மா கூப்பிட்டாள்.

"இப்ப எழுந்திருக்க முடியாதும்மா," என்றாள் வாலு ரகசியக் குரலில். "என் மேல ஒருத்தர் தூங்கிட்டிருக்கார்."