துரை வீட்டுச் சிங்கத்தோல்

வழக்கமாக ஒரே தூக்கில் மதில்மேல் போய் விழும் சிங்கத்தோல், அன்று காலை லூர்தம்மாளைக் கொஞ்சம் தள்ளாட வைத்துவிட்டது.

முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி அது. வத்தல்மலை அடிவாரத்துப் பங்களாவில், மழைக்கு நடுவே வெயில் தலைகாட்டினால் அதைக் காயப்போடுவது அவள் வேலை. துரையின் தாத்தா தென்னாப்பிரிக்காவில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு காடு காடாக அலைந்து, அறுபது வருஷத்துக்கு முன் சுட்ட சிங்கம். சாவதற்குள் அவருடைய வண்டிக்காரர்கள் ஏழு பேரைத் தின்றிருந்ததாம். அதைச் சொல்லும்போதெல்லாம் துரை சிரிப்பார். வாய் பிளந்த தலை அப்படியே இருக்கும். அடிப்பக்கம் முழுக்கச் சிவப்புக் கம்பளித்துணி வைத்துத் தைத்திருப்பார்கள்.

"என்னாங்க, தோலு கனக்குதுங்க," என்றாள், சமையற்கட்டிலிருந்த புருஷன் பெரியநாயகத்திடம்.

"மழ ஈரம் புள்ள. வேலயப் பாரு."

"நேத்து இதே மதிலோரம் கட்டுன ஆட்டுக்குட்டியக் காணோம். கயிறு அப்படியே கெடக்குது. ஒரு சொட்டு ரத்தமில்ல."

"சிறுத்த தூக்கியிருக்கும். அதச் சுடத்தான தொர மல ஏறியிருக்காரு? போடி, பைத்தியக்காரி!"

அவளுக்கு மனசே ஆறவில்லை. ஒன்பது மாதக் குழந்தை ஆரோக்கியத்தைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டு, கிணற்றடியில் பாத்திரம் துலக்கினாள். சாம்பல் வாசத்துக்கும் ஈரமண் வாசத்துக்கும் நடுவே காற்றில் ஆட்டுக்குட்டியின் பால்கவிச்சி வந்துகொண்டிருக்க, குழந்தை காலை உதைக்கும்போதெல்லாம் சில், சில் என்ற கொலுசுச் சத்தத்திலேயே காதை வைத்திருந்தாள்.

வெளிச்சம் மங்கியது. காக்கைகள் அடங்கின. கொலுசும் நின்றது.

பிள்ளை தூங்கிவிட்டது போல.

முதல் தூறல் விழுந்ததும் ஓடினாள். தோல் நனைந்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும், முதலில் பிள்ளை.

தூளி காலி. முடிச்சு அவிழவில்லை. துணியில் உடம்புச்சூடு இன்னும் இருந்தது.

"ஐயோ மாதாவே!"

சில்.

மதில் பக்கம்.

அங்கே யாருமில்லை. தோல் மட்டும்தான். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினாள். காலையில் இருந்த கனம் இல்லை இது. அதைவிட அதிகம். தினமும் இடுப்பில் சுமந்த பாரம் அது. அவள் கைக்குத் தெரியாதா?

"கத்தியக் கொண்டாங்க! வெட்டுங்க! எம்புள்ள உள்ள இருக்குது!"

அந்தக் குரலைக் கேட்ட பெரியநாயகம் ஓடிவந்து கறிக்கத்தியால் தையலைக் கிழித்தான். துணி உரிந்து விழுந்தது. உள்ளே காய்ந்த தோல். வேறொன்றுமில்லை.

அவள் கையில் பாரம் குறையவில்லை.

சில்.

சிங்கத்தின் தலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அறுபது வருஷமாகப் பிளந்தே இருந்த வாய் மூடியிருந்தது.