முதலில் கூரை, அப்புறம் முகம்

ரெய்னோ கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் வெளியே வந்தது.

"உள்ள வாங்க அண்ணி. புயல்ல கரண்டு போனதுதான், இன்னும் வரல. கீழ ஃப்ரீசர்ல ஒரு மான் முழுசா அழுகிப்போச்சு," என்றான், பால் திரிந்துபோனதைச் சொல்வதுபோல.

மார்லிஸ் பனி அப்பிய காலணியைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் அது அவமரியாதை. தெரிந்தேதான் செய்தாள்.

ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கும் கருவி ஒன்று, செத்துப்போன அவள் கணவன் ஆர்வோவுடையது, இங்கே நிலவறையில் கிடந்தது. அவன் பொருள் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று எடுத்துப்போக வந்திருந்தாள்.

போன வருடமும் இப்படித்தான் ஒரு புயல். தம்பி வீட்டில் மண்ணெண்ணெய் வாங்க ஆர்வோ நிலவறையின் பின்கதவு வழியாக வந்தான். சத்தம் கேட்டு இறங்கிய ரெய்னோ சுட்டுவிட்டான். "துப்பாக்கி லைட்டப் போடத்தான் அழுத்தினேன், விரல் தவறி ட்ரிக்கர்ல பட்டுடுச்சு" என்று காவல் அதிகாரியான ஷெரிஃபிடம் கதறி அழுதான். விபத்து என்று முடித்தார்கள். மார்லிஸும் நம்பிப் பார்த்தாள்.

ரெய்னோ இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவினான். குழலுக்குக் கீழே பொருத்திய விளக்கு பளீரென்று எரிந்தது. ஒரு கையில் அது, மறுகையில் பாதி தின்ற இறைச்சி ரொட்டி. அந்த நாற்றத்தில் எப்படித்தான் தின்ன முடிகிறதோ! அண்ணன் செத்த இடத்துக்கு மென்றுகொண்டே இறங்கினான்.

"படி வழுக்கும், பாத்து வாங்க." திரும்பியபோது வெளிச்சம் அவள் வயிற்றில் விழுந்தது.

"அத என் மேல காட்டாத."

"லைட்டுதான அண்ணி."

"லைட்டு எதுல ஒட்டியிருக்கு?"

"அண்ணன் மாதிரியே பேசுறீங்க," என்று சிரித்தான். பல்லிடுக்கில் இறைச்சி தெரிந்தது.

ஆர்வோவும் துப்பாக்கி வைத்திருந்தவன்தான். ஆனால் அது உறையில் இருக்கும், டார்ச் கையில் இருக்கும். இருட்டில் ஆள் அரவம் கேட்டால் டார்ச்சைக் கூரைக்கு அடிப்பான். அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும், நிற்பது யாரென்று தெரிந்துவிடும். "முதல்ல கூரை, அப்புறம் முகம்" என்பான். துப்பாக்கியில் விளக்கு இருந்தால், யாரென்று பார்க்கவே அந்த ஆள் மீது குறிவைத்தாக வேண்டுமே! "திருடனுக்கு வெளக்குப் புடிக்கிறியா?" என்று ரெய்னோ கேலி செய்வான். சுடப்பட்ட அன்று ஆர்வோ கொண்டுவந்த டார்ச் கடைசிவரை கிடைக்கவில்லை.

நிலவறைத் தரையில் ஃப்ரீசரிலிருந்து பழுப்பாய் ஏதோ வழிந்திருந்தது. காலணி ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. மார்லிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

துப்பாக்கி விளக்கு அணைந்தது.

"சனியன், பேட்டரி!" ரெய்னோ பொத்தானைத் தட்டும் சத்தம். டிக். டிக்.

கூரை மெல்ல மஞ்சளாயிற்று.

ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து, உயரமான ஒருவனின் தோளளவில், வெளிச்சம் மேல்நோக்கி விழுந்துகொண்டிருந்தது.

அங்கே யாரும் இல்லை.

"யாரு அது?" ரெய்னோ கிசுகிசுத்தான். துப்பாக்கி ஃப்ரீசர் பக்கம் திரும்பியது. நடுவில் மார்லிஸ் நின்றாள்.

அந்த வெளிச்சத்தில் அவன் கையைப் பார்த்தாள். பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தது கட்டைவிரல். ஆள்காட்டி விரல் தனியாக, துப்பாக்கி விசையின் மேல், தன் பாட்டுக்குப் படுத்திருந்தது. பொத்தானை அழுத்தும் விரல் தவறி விசையில் படவே படாது.

"யாருன்னு பாக்க நீ இறங்கல. சுடத்தான் இறங்கின."

"வெளிச்சம் பட்டதும் அண்ணன்னு தெரிஞ்சுது அண்ணி..." என்றான் ரெய்னோ. "ஆனா யாரா இருந்தாலும் சுடணும்னு வந்துட்டேன்..."

விரல் இறுகியது.

மஞ்சள் வெளிச்சம் கூரையைவிட்டு நகர்ந்தது. சுவரில் வழிந்து, அவளைத் தொடாமல் ஒதுங்கி, ரெய்னோவின் முகத்தில் நின்றது.

அவன் எதைப் பார்த்தானோ, துப்பாக்கி கைநழுவிப் பழுப்புச் சேற்றில் விழுந்தது. தின்றதையெல்லாம் கக்கிக்கொண்டு அதிலேயே மண்டியிட்டான்.

மார்லிஸ் கருவியை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அவளுக்கு முன்னால் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது.

நேராக ஷெரிஃபிடம் போய்ச் சொன்னாள். ரெய்னோ மறுக்கவில்லை. நிலவறையைக் குடைந்து தேடியும் டார்ச் அகப்படவில்லை.

வீடு திரும்பியபோது அந்தி மங்கியிருந்தது. அங்கேயும் கரண்டு இல்லை. குளித்தும் உடம்பிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை.

பின்கதவில் ஏதோ உரசியது.

மார்லிஸ் மேசை இழுப்பறையிலிருந்த ஆர்வோவின் துப்பாக்கியை எடுத்து இருட்டுக்கு நேரே நீட்டினாள்.

மறுபடி உரசல். இப்போது உள்ளே.

தலைக்கு மேல் கூரை மஞ்சளாயிற்று.

அந்த வெளிச்சத்தில் அவள் தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் விசையின் மேல் படுத்திருந்தது.

வெளிச்சம் மெல்ல அவள் முகத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.